சோள மாவுப் பை, கரும்புச் சக்கைக் கிண்ணம்: பார்சல் சாப்பாட்டுக்கு எது தாங்கும், எது மக்கும்?

கேள்வி: மெஸ்காரர் (ஈரோடு)

ஈரோட்டில் சிறிய அளவில் மெஸ் ஒன்றை நடத்தி வருகிறேன். மதியச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் பார்சலாகவே போகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்த பிறகு, சோற்றுக்கும் பொரியலுக்கும் வாழையிலை, காகிதம் என்று மாறிவிட்டோம். சாம்பார், ரசம், மோர் ஆகிய மூன்றும்தான் இன்னும் தீராத தலைவலியாக இருக்கின்றன. தூக்குவாளி கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டால் தெருக்காரர்கள் கொண்டுவருகிறார்கள். அலுவலகங்களிலிருந்தும் கைப்பேசிச் செயலி வழியாகவும் வாங்குபவர்களிடம் அதைக் கேட்க முடிவதில்லை.

அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி நான்கு மாதிரிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். சோள மாவில் செய்தது என்று ஒரு கைப்பிடிப் பை, சோளத்திலிருந்தே வந்தது என்று கண்ணாடி போலத் தெளிவான ஒரு மூடிக் கிண்ணம், கரும்பிலிருந்து எடுத்த பாலிதீன் என்று சாம்பார் ஊற்றிக் கட்டும் உறைகள், கடைசியாகக் கரும்புச் சக்கைக் கிண்ணம். நான்கையும் அவர் ஒரே வார்த்தையில் இயற்கையானது, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று முடித்துவிட்டார். விலையோ சாதாரணப் பையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கிறது. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை இவை தாங்குமா, வாடிக்கையாளர் வீட்டுக் குப்பைக்குப் போனபின் உண்மையிலேயே மக்குமா, சோதனைக்கு வரும் அதிகாரி இவற்றைப் பறிமுதல் செய்யாமல் இருப்பாரா என்ற மூன்றும் தெரிந்தால்தான் வாங்க முடியும். இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பலபடியாளர்

பிளாஸ்டிக் துறையில் ஆய்வகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் வந்த நான்கு மாதிரிகளும் வேதியியல் முறைப்படி நான்கு வெவ்வேறு பொருள்கள். அவற்றை ஒரே கூடையில் போட்டு விற்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு பிளாஸ்டிக் எதிலிருந்து செய்யப்பட்டது என்பது அது பிறந்த இடத்தைத்தான் சொல்லும். அது மக்குமா என்பதை அதன் மூலக்கூறு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கரும்புப் பாலிதீனை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில்தான் ஏமாற்றம் மிக எளிது. பிரேசில் நாட்டின் பிராஸ்கெம் நிறுவனம் தெற்கு மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லில் உள்ள திரியுன்ஃபோ என்ற ஊரில் 2010ஆம் ஆண்டு முதல் இதைத் தயாரிக்கிறது. கரும்புச் சாற்றை நொதிக்கவைத்து எத்தனால் எடுக்கிறார்கள், அதிலிருந்து நீரை நீக்கி எத்திலீன் வாயுவாக்குகிறார்கள், அதைக் கோத்துப் பாலிஎத்திலீன் ஆக்குகிறார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனுடன் அந்த ஆலை இயங்கியது. பெட்ரோலியத்தைத் தொடாமல் வந்த பொருள் என்ற பெருமை அதற்கு நியாயமாகவே உண்டு. ஆனால் கடைசியில் கிடைக்கும் மூலக்கூறு பெட்ரோலியப் பாலிதீனின் மூலக்கூறேதான். அணு அளவில்கூட வேறுபாடு இல்லை, கரிமத்தின் வயதைத் தவிர. ஆகவே சாதாரணப் பாலிதீன் பை சாக்கடையில் எத்தனை காலம் கிடக்குமோ அத்தனை காலம் இதுவும் கிடக்கும். உங்கள் பிரதிநிதி காட்டியது உண்மையிலேயே கரும்புப் பாலிதீன் என்றால், அது தடைசெய்யப்பட்ட பொருளின் வகையைச் சேர்ந்ததுதான். இது மக்கும் என்று அவர் சொன்னது தவறு.

இதற்கு நேர் எதிரானது அந்தக் கைப்பிடிப் பை. சோள மாவுப் பை என்று கடைகளில் விற்கப்படுபவற்றில் மாவின் பங்கு ஒரு பகுதிதான். பைக்கு இழுவையையும் மென்மையையும் கொடுப்பது பெரும்பாலும் பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர். இது இன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே தயாராகிறது, ஆனால் நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்து உண்ண முடியும். அதாவது, செடியிலிருந்து வந்த பாலிதீன் மக்காது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த பி.பி.ஏ.டி. மக்கும்.

தெளிவான கிண்ணம் பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலமாகத்தான் இருக்க வேண்டும். சோளம், கரும்பு, மரவள்ளி என எதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையையும் நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதை லாக்டைடு என்ற வளையச் சேர்மமாக மாற்றித் தூய்மைப்படுத்தி, வளையத்தைத் திறந்து நீண்ட சங்கிலியாகக் கோப்பார்கள். தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் நேச்சர்வொர்க்ஸ் நிறுவனம் 2002இல் தொடங்கிய ஆலைதான் இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் திறன் ஆண்டுக்கு 1,50,000 டன். தாய்லாந்தின் ரயோங்கில் கரும்புச் சர்க்கரையிலிருந்து ஆண்டுக்கு 75,000 டன் தயாரிக்கும் ஆலையும் இயங்குகிறது.

சாம்பார் விஷயத்துக்கு வருகிறேன். பி.எல்.ஏ. உருகுவதற்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 55 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே அது விறைப்பை இழந்து தளர்ந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை ஊற்றினால் கிண்ணம் உங்கள் கண் முன்னாலேயே கோணிக்கொள்ளும். படிகமாக்கிய பி.எல்.ஏ. என்று வெள்ளையாக, ஒளி ஊடுருவாத வகை ஒன்று உண்டு. கரண்டிகளும் காப்பிக் கோப்பை மூடிகளும் அதில் வருகின்றன. அது ஓரளவு கூடுதல் சூட்டைத் தாங்கும். தெளிவான கிண்ணம் மோருக்கும் தயிர்ப் பச்சடிக்கும் மிக நன்றாகப் பொருந்தும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒத்துவராது. வெயில் காலத்தில் கதவடைத்த வண்டிக்குள் வெறும் கிண்ணங்களை அடுக்கிவைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

பதில்: மண்வாசம் (கோயம்புத்தூர்)

மக்குமா என்ற இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஈரக் குப்பையை உரமாக்கும் பணியைப் பார்த்து வருகிறேன்.

இந்தப் பைகளுக்கும் கிண்ணங்களுக்கும் தரும் தரச்சான்று ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரத்தை ஒட்டியது. அதன்படி ஆய்வகத்தில் சுமார் 58 டிகிரி வெப்பத்தில், ஈரமும் காற்றும் சரியாகக் கிடைக்கும் முதிர்ந்த உரத்துக்குள் பொருளை வைத்து, 180 நாளுக்குள் அதன் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாறுகிறதா என்று அளக்கிறார்கள். துண்டுகளாகச் சிதைவதற்கு 12 வாரம் என்று தனி அளவு இருக்கிறது. பெரிய ஆலையில் வரிசையாகக் குவித்து அடிக்கடி புரட்டிப்போடும் குவியலில் இந்த வெப்பம் கிடைக்கும், வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். மாடியில் வைக்கும் மண்தொட்டியில் அது கிடைக்காது. கிடைத்தாலும் ஓரிரு நாள்தான் நிற்கும். எங்களைப் போன்ற சிறு கூடங்களில் 45 நாளில் உரத்தைச் சலித்து எடுத்துவிடுவோம். வாழையிலையும் காய்கறித் தோலும் அதற்குள் அடையாளம் இல்லாமல் போய்விடும், பி.எல்.ஏ. கிண்ணம் போட்டபடியே சல்லடையில் நிற்கும்.

உரத்துக்கு அந்தப் பையால் கிடைக்கும் நன்மையும் குறைவுதான் என்பதை யாரும் சொல்வதில்லை. நன்றாகவே மக்கினாலும் அது பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விடுகிறது; பயிருக்கு வேண்டிய தழைச்சத்தோ மணிச்சத்தோ அதில் இல்லை. இலையைப் போட்டால் மண்ணுக்கு ஏதாவது சேரும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஐந்து வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் மூன்று ஆண்டு வைத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரியல் முறையில் சிதையும் என்று அச்சிட்டிருந்த பை, மூன்று ஆண்டுக்குப் பிறகும் மண்ணிலிருந்து எடுத்துக் கடைச் சாமான்களைச் சுமக்கும் நிலையில் இருந்தது. உரமாகும் என்று சான்று பெற்ற பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போயிற்று. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதத்துக்குப் பிறகும் இருந்தது. எடை தாங்கும் வலு மட்டுமே போயிருந்தது. மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று உங்களிடம் சொன்னவரிடம், எந்த மண்ணில், எத்தனை வெப்பத்தில், எத்தனை நாளில் என்று கேளுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரக் குப்பையைக் கையால் பிரிக்கும் பணியாளருக்கு ஒரு வினாடிதான் நேரம். சாம்பார் ஒட்டிய பையில் இருக்கும் சான்று எண்ணைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அதனால் பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒதுக்கிவிடுகிறார். ஒதுக்கியது குப்பைக் கிடங்குக்குப் போகிறது. காற்று புகாத கிடங்கின் அடியில் மாவுச்சத்துள்ள பை சிதைந்தால் மீத்தேன் வாயு வரும், பி.எல்.ஏ. பெரும்பாலும் சிதையாமல் கிடக்கும். தெளிவான கிண்ணத்தை யாராவது உலர் குப்பையில் போட்டால் அது தண்ணீர் பாட்டிலுடன் சேர்ந்து பழைய பொருள் கடைக்குப் போகும். பாட்டிலின் பிளாஸ்டிக்கும் பி.எல்.ஏ.வும் இரண்டுமே தண்ணீரில் மூழ்குபவை என்பதால் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிரிக்கவும் வழியில்லை. சிறிதளவு கலந்தாலே மறுசுழற்சியில் வரும் பிளாஸ்டிக் மங்கிப் போகிறது.

இத்தாலியின் மிலான் நகரில் இது வெற்றியடைந்ததற்குக் காரணம் பை மட்டும் அல்ல. அங்கே 2012க்கும் 2014க்கும் இடையே வீட்டுச் சமையல் கழிவைத் தனியாகச் சேகரிக்கும் முறையை நகர் முழுவதும் கொண்டுவந்தார்கள். கழிவுக் கூடைக்குள் விரிக்கும் உறையாகவே உரமாகும் பை பயன்படுகிறது. அந்தப் பையைக் கழிவோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளும் ஆலையும் இருக்கிறது. பையிலிருந்து ஆலைவரை ஒரே சங்கிலி. நம் ஊரில் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இல்லாமல் முதல் கண்ணியை மட்டும் மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறோம் என்பதே என் கருத்து.

பதில்: கட்டுப்பை (கரூர்)

பை மொத்த வியாபாரம் செய்பவன் என்பதால் என் பதிலில் சார்பு இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மண்வாசம் ஐயா சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆலை வரும்வரை பை வேண்டாம் என்றால், பை வராத ஊரில் ஆலையும் வராது. எது முதலில் வரவேண்டும் என்பதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2022 ஜூலை 1 முதல் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது. உரமாகும் பிளாஸ்டிக்கால் செய்த பொருள்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. கைப்பிடிப் பைக்கு 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் தடிமன் வேண்டும் என்ற விதியும் உரமாகும் பைக்குப் பொருந்தாது. ஆனால் இந்த விலக்கு தானாகக் கிடைப்பதில்லை. தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பையின் மேல் உரமாகும் பிளாஸ்டிக் என்ற குறிப்பும் தயாரிப்பாளர் விவரமும் இருக்க வேண்டும். சான்று பெற்றவர்களின் பட்டியலை வாரியம் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பிரதிநிதி காட்டும் நகலை நம்பாமல் அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பில்லில் சான்றிதழ் எண்ணை எழுதி வாங்கிக் கடையிலேயே வைத்திருங்கள். மாநிலத் தடையையும் உள்ளாட்சி அதிகாரிகள் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தையும் பற்றி மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

போலிகள் நிறைய உலவுகின்றன. பாலிதீனில் கொஞ்சம் மாவையும் சுண்ணாம்புத் தூளையும் கலந்து, பச்சை நிறத்தில் இலைப் படம் அச்சிட்டு, நான் பிளாஸ்டிக் பை அல்ல என்று எழுதிவிடுகிறார்கள். கையால் கசக்கிப் பார்த்தோ எரித்து முகர்ந்தோ யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் போட்டால் பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் கரையும், பாலிதீன் கரையாது. அது நச்சுத்தன்மை உள்ள திரவம் என்பதால் கடையில் வைத்துச் செய்து பார்க்கும் வேலை அல்ல. சந்தேகம் வந்தால் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற அரசு நிறுவனத்தின் ஆய்வகத்தை நாடலாம்.

இன்னொன்று, மலிவாகக் கிடைக்கிறது என்று ஓராண்டுக்கான பையை மொத்தமாக வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். ஈரக்காற்றிலும் சூட்டிலும் இந்தப் பை மூட்டைக்குள்ளேயே மெல்ல வலுவிழக்கும். தகரக் கூரையின் கீழ் வைத்த சரக்கைக் கோடை முடிந்து எடுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

பதில்: ஆத்தூர்_மரவள்ளி

சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி விவசாயிகளில் ஒருவனாக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கிழங்கு ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் போகிறது. விலை விழும் ஆண்டுகளில், பிளாஸ்டிக்குக்குப் போனால் நிலைமை மாறும் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஸ்டார்ச்சைக் கிளிசரினும் நீரும் சேர்த்துச் சூட்டில் பிசைந்தால் படலமாக இழுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அந்தப் படலம் நீரை இழுக்கும். சாம்பாரை ஊற்றினால் ரசத்தில் விழுந்த வடாம் போல ஊறிப்போகும். அதனால்தான் பலபடியாளர் சொன்ன பி.பி.ஏ.டி.யுடன் கலக்கிறார்கள், அந்தக் கலவையில் எங்கள் கிழங்கின் பங்கு குறைந்துவிடுகிறது. கிழங்கிலிருந்து பி.எல்.ஏ. செய்யும் ஆலை இப்பகுதியில் வந்தால் கதை வேறு. உத்தரப் பிரதேசத்தில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலை நிறுவனம் கரும்பிலிருந்து பி.எல்.ஏ. தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்றை 2024இல் அறிவித்தபோது, இங்கே பலரும் அந்தச் செய்தியைப் பொறாமையோடுதான் படித்தோம்.

உணவுப் பயிரைப் பிளாஸ்டிக்காக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் ஒரு கணக்கு: இரசாயனச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ பி.எல்.ஏ.வுக்குக் குறைந்தது ஒன்றேகால் கிலோ குளுக்கோஸ் வேண்டும். நடைமுறை இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். உலகம் செய்யும் மொத்தப் பிளாஸ்டிக்கில் இவ்வகைப் பிளாஸ்டிக் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பதால் இன்றைக்கு அது யாருடைய சோற்றிலும் கைவைக்கவில்லை. மொத்தத்தையும் இப்படி மாற்ற நினைத்தால் அப்போது அந்தக் கேள்வி வரும்.

மறுமொழி: மெஸ்காரர்

அனைவருக்கும் நன்றி. கரும்புப் பாலிதீன் உறையை அந்தப் பிரதிநிதியிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மோருக்கும் பச்சடிக்கும் பி.எல்.ஏ. கிண்ணத்தைப் பரிசீலிக்கலாம் என்றிருந்தேன். மண்வாசம் அவர்கள் எழுதியதைப் படித்தபின் அதிலும் தயக்கம் வந்துவிட்டது. இனி மிஞ்சியிருப்பது கரும்புச் சக்கைக் கிண்ணம். அதில் சாம்பாரை ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. வெறும் சக்கை எப்படிக் குழம்பையும் எண்ணெயையும் தாங்குகிறது என்பது புரியவில்லை. அதன் மேல் ஏதாவது பூசியிருக்கிறார்களா?

பதில்: பலபடியாளர்

சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். சக்கைக் கிண்ணம் பிளாஸ்டிக் அல்ல, காகிதக் கூழைப் போல அச்சில் அழுத்திச் சூடாக்கிய நார். நார் இயல்பாகவே நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். அதைத் தடுக்க ஃபுளோரின் கலந்த பி.எஃப்.ஏ.எஸ். வகை வேதிப்பொருள்களைக் கூழிலேயே கலக்கும் வழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. கிண்ணம் மக்கியபின் உரத்தில் தங்கிவிடும். அமெரிக்காவில் உரமாகும் பொருள்களுக்குச் சான்று தரும் பி.பி.ஐ. என்ற அமைப்பு, மொத்த ஃபுளோரின் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருந்தால் சான்று இல்லை என்று 2020 முதல் நிறுத்திவிட்டது. அதன்பின் பல தயாரிப்பாளர்கள் ஃபுளோரின் இல்லாத வகைக்கு மாறினார்கள். அவை எண்ணெயை முன்போல அத்தனை நன்றாகத் தடுப்பதில்லை. சிலர் உட்புறத்தில் மெல்லிய பி.எல்.ஏ. படலம் ஒட்டுகிறார்கள். ஆகவே ஃபுளோரின் சேர்க்கவில்லை என்பதற்கான ஆய்வறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். சாம்பார் ஊற்றி அரைமணி நேரம் கழித்து அடிப்புறத்தில் எண்ணெய்க் கறை தெரியத் தொடங்கினால், அது குறை என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். பூச்சு குறைவு என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இதையொட்டி ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. சூடில்லாமலேயே மண்ணிலும் கடலிலும் சிதையக்கூடிய பிளாஸ்டிக் இல்லாமல் இல்லை. பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் கொழுப்பைப் போலச் சேமித்துவைக்கும் பி.எச்.பி. என்ற பொருளைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரீஸ் லெமுவான் 1926இலேயே கண்டறிந்தார். நூறாண்டு ஆகியும் பி.எல்.ஏ.வின் விலைக்கு அது இறங்கிவரவில்லை. பார்சல் சாப்பாட்டுக்கு வர இன்னும் காலம் ஆகும்.

பதில்: மண்வாசம் (கோயம்புத்தூர்)

மெஸ்காரர் அண்ணா, உரமாகும் பை உங்களுக்கே பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் அது எங்கே போகும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால் உங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட இலையும் எஞ்சிய உணவும் தினமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அந்தக் கழிவை எடுத்துச் செல்லும் மாநகராட்சி உரக்கூடத்திலோ தனியார் கூடத்திலோ கூடை உறையாக இந்தப் பையை ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அங்கே பையின் விலைக்கு ஒரு பொருள் இருக்கிறது. பையைத் திறந்து கொட்டிவிட்டுத் தூக்கிப்போடுவோம் என்று சொன்னால் உறையே இல்லாமல் கூடையை மட்டும் கழுவிப் பயன்படுத்துங்கள்.

பதில்: கட்டுப்பை (கரூர்)

சக்கைக் கிண்ணம் வாங்குவதாக முடிவானால் மூடியையும் கவனித்து வாங்குங்கள். கிண்ணம் சக்கையாகவும் மூடி தெளிவான பி.எல்.ஏ.வாகவும் சேர்த்து விற்பார்கள். கொதிக்கும் ரசத்தின் ஆவியில் அந்த மூடி தளர்ந்து விளிம்பை விட்டு நழுவும், இரண்டு சக்கர வண்டியில் போகும்போது பாதி ரசம் பைக்குள் இருக்கும். மூடியும் சக்கையாலேயே ஆனதாகக் கேளுங்கள், விளிம்பு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். அலுவலகங்களுக்குத் தினமும் ஒரே ஆள் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால், எவர்சில்வர் தூக்குகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலித் தூக்கைத் திருப்பி எடுப்பது, பை விற்கும் நான் சொல்லக்கூடாதுதான், என் சரக்கைவிட உங்களுக்கு மலிவாக முடியும்.